கரப்பான் பூச்சியும் ராத்திரி தண்ணீரும்

கேள்வி: எனக்கு 34 வயது. திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எட்டாம் வகுப்புப் பையன்கள் என் தலையைப் பார்த்தாலே அடங்கி உட்காருவார்கள். வீட்டுக்கு வந்தால் ஒரு கரப்பான் பூச்சி என்னை அடக்கி வைத்திருக்கிறது. பல்லி, எலி எதற்கும் பயமில்லை. போன மழைக்குக் கொல்லைப்புறத்தில் பாம்பு வந்தபோது தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, அவர்கள் வரும்வரை அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றவள் நான்தான். கரப்பான் என்றால் மட்டும் கத்திவிடுகிறேன். நெஞ்சு வெடித்துவிடும் போல அடிக்கிறது. போன மாதம் அப்பளம் பொரிக்கும்போது மிக்சிக்குப் பின்னாலிருந்து ஒன்று ஓடி வந்தது. துள்ளியதில் வாணலி சாய்ந்து மணிக்கட்டில் எண்ணெய் கொட்டிவிட்டது. டூத்பேஸ்ட் தடவி ஆற்றிக்கொண்டேன். பக்கத்தில் மகள் நின்றிருந்தாள், நல்லவேளை அவள்மேல் படவில்லை. ராத்திரி பாத்ரூம் போகப் பயந்து ஏழு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. என் கணவருக்கு இது வேடிக்கை. கரப்பானை மீசையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்துவார். மாமியார் பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் கரப்பானைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறிக்கொள்கிறாள். இது வியாதியா? எனக்கு ஏதாவது ஆகிவிடுமா? குழந்தைக்கும் ஒட்டிக்கொண்டதா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கத்தியதையும் துள்ளியதையும் விலாவாரியாக எழுதிவிட்டு, ஏழு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். கரப்பானைக் கண்டு கத்துகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதற்காக யாரும் டாக்டரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் திருச்சி வெயிலில், நாள் முழுக்கத் தொண்டை வறளப் பாடம் நடத்திவிட்டு வந்து, ஒரு பூச்சிக்காகச் சாயங்காலம் தொடங்கி விடியும்வரை நாக்கைக் காயப் போடுகிறீர்கள் என்றால் பயம் உங்கள் உடம்பிலேயே கை வைக்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீரையும் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் பெண்களுக்கு நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வர அதிக நாள் ஆகாது. இதைப் படித்து முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள்.

உங்களிடம் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தூக்கிவாரிப் போடுவது ஒன்று. அதற்கு முன்னாலும் பின்னாலும் நீங்கள் செய்வது இன்னொன்று. முதலாவதை நினைத்து வெட்கப்படுகிறீர்கள், இரண்டாவதைக் கவனிக்கவே இல்லை. நான் சொல்லப்போவதெல்லாம் இதைத் தலைகீழாக்கச் சொல்லித்தான்.

தூக்கிவாரிப் போடுவது உங்கள் கையில் இல்லை. யார் கையிலும் இல்லை. எதிர்பாராத சத்தமோ தொடுகையோ பட்டதும், யோசிக்கிற மூளையிடம் அனுமதி கேட்காமலே மூளைத்தண்டு தசைகளுக்கு உத்தரவு போட்டுவிடுகிறது. ஒரு நொடியை இருபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண் இமை மூட ஆரம்பித்துவிடும். தொடர்ந்து கழுத்து உள்ளே போகும், தோள் ஏறும், முழங்கை மடங்கும். கண்முன் ஏதோ சட்டென்று ஓடினால் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ‘அட, பூச்சிதானே’ என்று புத்தி சொல்வதற்குள் வாணலி சாய்ந்திருக்கும்.

சார்லஸ் டார்வின் இதைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார். லண்டன் மிருகக்காட்சி சாலையில் கனத்த கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆப்பிரிக்க விரியன் இருந்தது. கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, பாம்பு கொத்த வந்தாலும் பின்வாங்குவதில்லை என்று தீர்மானமாக நின்றார். பாம்பு அடித்தது. மனிதர் ஒன்றிரண்டு கஜம் பின்னால் துள்ளிப் போயிருந்தார். தன் மனஉறுதியும் அறிவும் அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை என்று 1872-இல் வெளியிட்ட நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார். கண்ணாடி இருப்பது அவருக்குத் தெரியும், பாம்பால் தன்னைத் தொட முடியாது என்பதும் தெரியும். ஆகவே ‘இவ்வளவு படிச்சிருக்க, இதுக்குப் போய்க் கத்தற’ என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கரப்பானும் உங்களைப் போலத்தான். அதன் பின்புறத்தில் இரண்டு குட்டி முட்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள் (பார்த்திருக்க மாட்டீர்கள், பார்க்கச் சொல்லத்தான் போகிறேன்). அவற்றில் நுண்ணிய ரோமங்கள் உண்டு. நீங்கள் விளக்குமாற்றை ஓங்கும்போது கிளம்பும் காற்று அந்த ரோமத்தில் பட்டதும், அதுவும் ஏறத்தாழ அதே இருபதில் ஒரு பங்கு நொடியில் திரும்பி ஓட ஆரம்பிக்கிறது. பெரிய கரப்பானால் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வரை ஓட முடியும். ‘என்னைப் பார்த்துத்தான் ஓடி வருது’ என்று என்னிடம் வரும் எல்லோரும் சொல்வார்கள். அது தேடுவது இருட்டான இடுக்கை. சுவரோரமாக உடம்பை உரசிக்கொண்டே போவது அதன் பழக்கம். நீங்கள் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்றால் அது போகிற பாதையில்தான் நிற்கிறீர்கள். பறந்து முகத்தில் வந்து மோதும் என்பதும் அப்படித்தான். நம் வீடுகளில் திரியும் பெரிய செம்பழுப்புக் கரப்பான் பறப்பதில் கெட்டிக்காரன் இல்லை. உயரத்திலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கும், கீழே நிற்பவருக்குக் குறி வைத்து வருவது போல இருக்கும்.

துள்ளுவதை நிறுத்த முடியாது, ஆனால் குறைக்க முடியும். அதற்கு வழி இரண்டாவது விஷயத்தில் இருக்கிறது. ஏற்கெனவே எதையோ எதிர்பார்த்துப் பதறிக்கொண்டிருக்கும் உடம்பு அதே சத்தத்துக்கு இன்னும் பலமாகத் துள்ளும். 1951-இல் எலிகளை வைத்து இதை அளந்து காட்டினார்கள். மனிதர்களிடம் பின்னால் அளந்தபோதும் அப்படியே இருந்தது.

இனி நான் சொல்வது யூகம். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் பெரும்பாலும் சரியாக இருக்கும். ராத்திரி வேறு வழியே இல்லாமல் பாத்ரூம் போக வேண்டி வந்தால், கையை மட்டும் உள்ளே நீட்டி ஸ்விட்சைத் தட்டுவீர்கள். கதவை இரண்டு முறை பலமாகத் தட்டுவீர்கள். ஓடுகிறது ஓடட்டும் என்று கொஞ்ச நேரம் வெளியே நிற்பீர்கள். பிறகு வாளிக்குப் பின்னால், மக்குக்கு அடியில், கதவின் உள்பக்கம், ஜாலி ஓட்டை என்று வரிசையாக ஒரு நோட்டம். மருந்து ஸ்ப்ரே கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். போன காரியம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்கு முன்னால் நடந்த சோதனைக்குத்தான் ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடமும் உடம்பு முறுக்கேறி நிற்கிறது. அப்போது தலைமுடி ஒன்று காலில் பட்டாலும் அலறத்தான் செய்வீர்கள்.

சோதனை முடிந்து கரப்பான் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வருகிறதே, வம்பே அங்கேதான். ‘சோதித்ததால்தான் தப்பித்தாய், தண்ணீர் குடிக்காததால்தான் தப்பித்தாய்’ என்று அந்த நிம்மதி மூளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. கரப்பான் வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை மூளை கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பே கிடைப்பதில்லை. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளர்வது இப்படித்தான்.

வியாதியா என்று கேட்டீர்கள். கத்துவது வியாதி இல்லை. ஆறு மாதத்துக்கு மேலாகத் தொடர்ந்து, உண்மையான ஆபத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில் இருந்து, சாப்பாடு, தூக்கம், வேலை, உடல்நலம் எதையாவது கெடுக்கிறது என்றால் அதை ஃபோபியா என்கிறோம். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன், தண்ணீர் விஷயத்தை வைத்துச் சொல்கிறேன். பயந்துவிடாதீர்கள். பல நாடுகளில் சேர்ந்து நடத்திய பெரிய கணக்கெடுப்புகளில், நூறு பேரில் ஏழு பேருக்காவது வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இப்படி ஒரு குறிப்பிட்ட ஃபோபியா இருந்திருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு. பிராணிகள், பூச்சிகள் பற்றிய பயம் பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். இதற்கும் பைத்தியத்துக்கும் எந்த உறவும் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் குக்கர் விசில் வரும் என்று சமையலறையை விட்டு வெளியே போய் நிற்கிறவர் உண்டு. சீலிங் ஃபேன் கழன்று விழும் என்று கட்டிலை மூலைக்குத் தள்ளிப் போட்டவர் உண்டு. பிறந்தநாள் வீட்டில் பலூனைக் கண்டால் வாசலோடு திரும்பிவிடும் ஒரு பெரிய மனிதரும் உண்டு, அவர் பார்க்கும் உத்தியோகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

நெஞ்சு அடித்துக்கொள்வது அட்ரினலின் வேலை. சில நிமிடங்களில் அது தானாக இறங்கும். மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயமும் பலருக்கு இருக்கும். ரத்தம், ஊசி கண்டு பயப்படுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், அதனால் மயக்கம் வரும். பூச்சி பயத்தில் அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதனால் மயங்கி விழுவது மிக அபூர்வம். ஆனால் உங்களை ஒன்று கேட்க வேண்டும். கரப்பானுக்கு மட்டும்தான் துள்ளுகிறீர்களா, கதவு சாத்தும் சத்தம், பின்னாலிருந்து யாராவது கூப்பிடுவது என எல்லாவற்றுக்குமா? எல்லாவற்றுக்கும் என்றால் தூக்கக் குறைவு, அளவுக்கு மிஞ்சிய காபி, தைராய்டு, மனசை உலுக்கிய பழைய சம்பவம் என்று வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும். அதேபோல, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தால் இதய டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாம்புக்குப் பயப்படாதவளுக்குக் கரப்பான் மட்டும் ஏன்? கரப்பான் பயத்தில் பாதிக்கு மேல் அருவருப்பு. ‘கடிச்சிடும்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘மேலே ஏறிடும்’ என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய சகாக்களும் 1986-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. கிருமி நீக்கம் செய்த செத்த கரப்பானைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துவிட்டு, அந்தச் சாற்றைக் குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். அதில் ஒரு கிருமி கூட இல்லை என்று தெரிந்தவர்களும் வேண்டாம் என்று தள்ளினார்கள். அருவருப்புக்குத் தர்க்கம் புரியாது. போகட்டும், அது முழுக்கத் தப்பும் இல்லை. கரப்பான் சாக்கடையில் புரண்டுவிட்டுத் தட்டில் ஏறுகிற ஜென்மம். அதன் எச்சமும் உதிரும் தோலும் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். கரப்பானை உங்களுக்குப் பிடிக்கும்படி செய்வது என் நோக்கம் இல்லை. பிடிக்காத ஒன்று இருக்கிற வீட்டில் ராத்திரி எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுக்க முடிந்தால் போதும்.

இந்தப் பத்தி உங்கள் கணவருக்கு. வாசித்துக் காட்டுங்கள், அல்லது டேபிள்மேல் திறந்து வையுங்கள். சார், மீசையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு துரத்தினால் பயம் தெளிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. பயப்படுகிற பொருளை நேருக்கு நேர் பார்ப்பது உண்மையிலேயே மருந்துதான். ஆனால் எப்போது, எவ்வளவு நெருக்கத்தில், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் பயப்படுகிறவர் கையில் இருக்கும்வரைதான் அது மருந்து. நீங்கள் செய்வதில் இவற்றில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. அதனால் பயம் கூடும். அதோடு வீட்டில் யாரை நம்பலாம் என்ற கணக்கும் மாறிப்போகும். போன மாதம் எண்ணெய் கொட்டியது மணிக்கட்டோடு போயிற்று. இந்த விளையாட்டை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேறொரு வேலை கீழே வைத்திருக்கிறேன்.

மகள் விஷயம். ஆமாம், பயம் பார்த்தே ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1980-களில் உளவியலாளர்கள் சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் பேர்பெற்றவை. ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு பயமில்லை. காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு மிரள்வதைச் சில நிமிடங்கள் பார்த்ததும் இவையும் மிரள ஆரம்பித்தன, மூன்று மாதம் கழித்தும் அது மறக்கவில்லை. பூவைக் கண்டு மிரளுவது போலக் காட்டியபோது பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை. எதற்கு வேண்டுமானாலும் பயம் ஒட்டாது, பூச்சி, பாம்பு போன்றவற்றுக்குச் சீக்கிரம் ஒட்டும். உங்களுக்குத் தேவையான பாகம் இனிமேல்தான். பாம்பின் பக்கத்தில் அலட்டிக்கொள்ளாமல் இருக்கும் குரங்குகளை முதலிலேயே பார்த்துவிட்டவற்றில் பெரும்பாலானவை, பின்னால் மிரளும் குரங்கைப் பார்த்தபோதும் பயத்தைக் கற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே மகள் முன்னால் தைரியசாலி வேஷம் போடாதீர்கள். அது பலிக்காது, ஏழு வயசுப் பிள்ளை அம்மாவின் முகத்தை நம்மைவிட நன்றாகப் படிக்கும். துள்ளுங்கள், கத்துங்கள், பரவாயில்லை. அதற்கடுத்த ஒரு நிமிடத்தை அவள் பார்க்கட்டும். ‘யப்பா, அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. சரி, இப்ப என்ன பண்ணலாம், அந்த டப்பாவை எடு’ என்று சொல்லிக்கொண்டே அங்கேயே நிற்பதை அவள் பார்க்க வேண்டும். இதுவரை அவள் பார்த்ததெல்லாம் முதல் பாதியைத்தான், அம்மா கத்திவிட்டு அறையை விட்டு ஓடுவதை. சாப்பிட அடம்பிடித்தால் ‘கரப்பான் வந்து கடிக்கும்’ என்று யாரும் பயம் காட்ட வேண்டாம், பாட்டி உள்பட. மற்றபடி அந்த வயதில் பூச்சி பயம் சகஜம், பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும்.

இனி வைத்தியம். இது புதிதல்ல, நூறு வருஷமாக இருக்கிறது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924-இல் எழுதிய ஒரு குழந்தையின் கதைதான் இதற்கு மூலம். பீட்டர் என்ற அந்தப் பையனுக்கு மூன்று வயது நிரம்பவில்லை, முயலைக் கண்டால் அலறுவான். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்து, நாளாக நாளாகக் கிட்டே கொண்டு வந்தார்கள். கடைசியில் முயலோடு தனியாக விளையாட ஆரம்பித்தான். பின்னால் இந்த முறை பல கை மாறி மெருகேறி, 1989-இல் ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் சிலந்தி பயம் போன்றவற்றுக்கு மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் சிகிச்சை கொடுத்துக் காட்டும் அளவுக்கு வந்தது. ஃபோபியாக்களில் இதுவே நன்றாகக் குணமாகும் வகை. வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகத்தில் ஏமாற்றம் தெரியும். இத்தனை வருஷக் கஷ்டம் இவ்வளவு சுலபமாகப் போய்விடும் என்றால் அதுவும் ஒரு அவமானம் போலிருக்கிறது.

நீங்கள் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, கரப்பானைப் படம் வரைந்து பாகம் குறிப்பது. நீங்கள் டீச்சர், இது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். மொபைலில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வரையுங்கள். தலைக்குப் பின்னால் இருக்கும் கவசத்தில் வெளிறிய மஞ்சள் விளிம்பு, பின்னங்காலில் வரிசையாக முள், நான் சொன்ன அந்த இரண்டு நீட்சி எல்லாம் படத்தில் வர வேண்டும். அரைக்கண் மூடிக்கொண்டு பார்த்தால் கணக்கில் சேராது. பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று ஓரத்தில் மார்க் போடுங்கள். மார்க் பாதியாக இறங்கும்வரை படத்தை மூடாதீர்கள். மறுநாளும் அதே.

படம் சலித்துப்போனதும் கணவரின் வேலை வருகிறது. செத்த கரப்பான் ஒன்றை, வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நன்றாக மூடி, நீங்கள் சொல்லும் தூரத்தில் வைக்க வேண்டும். ‘கிட்ட கொண்டு வாங்க’ என்று நீங்கள் சொன்னால்தான் அவர் கொண்டு வர வேண்டும். சிரிக்கக் கூடாது, அவசரப்படுத்தவும் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை நோட்டில் எழுதிவிடுங்கள். ‘டப்பாவைத் தொட்டால் கை நடுங்கிக் கீழே போட்டுவிடுவேன்’ என்றோ, ‘பார்த்துக்கொண்டே இருந்தால் வாந்தி வரும்’ என்றோ இருக்கலாம். தொட்டுப் பார்த்தபின் உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நாலைந்து பக்கம் போனதும் திருப்பிப் பாருங்கள், எழுதிய ஜோசியம் எத்தனை பலித்தது என்று உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

டப்பா மடியில் இருக்கும்போதே டிவி பார்க்க முடிகிறது என்றானதும் உயிருள்ள கரப்பான். டப்பா அதேதான், மூடியில் ஊசியால் நாலைந்து துளை. அது உள்ளே ஓடும்போது உங்களுக்குத் துள்ளும். துள்ளட்டும், டப்பாவை மட்டும் நகர்த்தாதீர்கள். ஹாலில் பழகியது பாத்ரூமில் செல்லுபடியாகாது, பகலில் பழகியது ராத்திரியில் ஆகாது. அதனால் இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கடைசிப் பரீட்சை, சுவரில் இருக்கும் கரப்பானை டப்பாவால் கவிழ்த்து மூடி, அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகையைச் செருகி, வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது. கையால் பிடிக்கத் தேவையே இல்லை, நானும் பிடிக்க மாட்டேன். பயம் சீக்கிரம் இறங்கும், அருவருப்பு மெதுவாகத்தான் இறங்கும். ‘பயமில்ல, ஆனா குமட்டுது’ என்ற நிலைமை கொஞ்ச நாள் இருந்தால் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இதற்கிடையில் ராத்திரிச் சடங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒரு வாரம் கதவைத் தட்டாமல். அடுத்த வாரம் வாளிக்குப் பின்னால் பார்க்காமல். லைட் போட்டுக்கொள்ளலாம், அதை எல்லோரும்தான் போடுகிறோம். தண்ணீர் மட்டும் வாரக் கணக்கில் காத்திருக்காது, இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்.

அடுப்படியில் சில காரியங்கள் உடனே செய்யலாம். துள்ளல் நிற்காது என்று சொல்லிவிட்டேன், ஆகவே துள்ளினாலும் சேதம் வராதபடி வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்ச் சட்டி எப்போதும் சுவரோரத்து பர்னரில் இருக்கட்டும். கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும். பொரிக்கும்போது மகள் சமையலறை வாசலுக்கு வெளியே. மிக்சியை அடுப்பு மேடையிலிருந்து நகர்த்திவிடுங்கள், அதன் அடிப்பக்கச் சூடு கரப்பானுக்குச் சொர்க்கம். தீப்புண்ணுக்கு டூத்பேஸ்ட் போடாதீர்கள், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவதுதான் முதலுதவி. அடுப்பு எரியும்போது பூச்சி ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, பெரும்பாலான ஸ்ப்ரேக்கள் தீப்பற்றக் கூடியவை.

கரப்பான் ஒழிப்பும் நடக்கட்டும். ராத்திரி சிங்க்கை ஈரமில்லாமல் துடைப்பது, சாக்கடை வாய்க்கு ஜாலி போடுவது, அட்டைப்பெட்டிகளைக் கழித்துக்கட்டுவது, இடுக்குகளில் ஜெல் மருந்து பொட்டு வைப்பது, இவ்வளவு போதும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது, காசு வீண். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். மாதாமாதம் மருந்தடிக்கும் ஆளைக் கூப்பிட்டு வீட்டைத் துடைத்து வைத்தாலும், வருஷத்துக்கு ஒரு கரப்பான் வந்தால் போதும், பயம் அப்படியே இருக்கும். பூச்சியை ஒழிப்பது வேறு வேலை, பயத்துக்கு மேலே சொன்ன நோட்டும் டப்பாவும்தான்.

மாமியார் கட்டிய கயிறு கையில் இருக்கட்டும். அவருடைய அக்கறையை அவிழ்த்துப் போட வேண்டாம். டப்பா பயிற்சியின்போது மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஜெயித்த பெருமை கயிற்றுக்குப் போய்விடும், கயிறு அறுந்த அன்றைக்குப் பயம் திரும்பி வரும். மருந்துக்கடையில் கேட்டு அல்பிரசோலம் மாதிரி மாத்திரை போடுவதும் வேண்டாம். அந்த நேரத்துக்குப் பதற்றம் அமுங்கும், ஆனால் மூளை கற்க வேண்டியதைக் கற்காது, மாத்திரை பழக்கமாகிவிடும் அபாயம் தனி. இந்த வகைப் பயத்துக்குப் பெரும்பாலும் மாத்திரையே தேவைப்படாது.

ஒன்றரை மாதம் செய்து பார்த்தும் படத்தைத் தாண்ட முடியவில்லை என்றால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அங்கே போய், ‘ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா பூச்சி பயம்’ என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிக்காதீர்கள், அப்படி ஆரம்பித்தால் கேட்பவரும் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார். எத்தனை வருஷமாக இருக்கிறது, ராத்திரி தண்ணீர் குடிப்பதில்லை, பாத்ரூமை அடக்குகிறேன், எண்ணெய் கொட்டியது என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.